எவருடைய சுதந்திரம்?

தன் வீட்டு வாசலில் எவரை வரவேற்பது, எவரைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டு. அதே உரிமை கடை வாசலிலும் அவனுக்கு உண்டா? 1964ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் அபேட்சகராக நின்ற பாரி கோல்ட்வாட்டர் மக்கள் முன் வைத்த கொள்கைகளின் அடியில் கிடந்த வினா இதுதான். அத்தேர்தலில் அவர் படுதோல்வி அடைந்தார். ஆயினும் அவர் கொள்கை தோற்றுவிடவில்லை. அவருக்காக அவ்வாண்டு ஒக்டோபரில் தொலைக்காட்சியில் பேசிய நடிகர் ரொனால்ட் ரீகன், 1980இல் தாமே ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார்.

கோல்ட்வாட்டர் அரிசோனா மாநிலத்தின் செனட்டர். பீனிக்ஸ் நகரில் பெருங்கடை நடத்திய குடும்பத்தவர். மத்திய அரசாங்கத்தின் கை எங்கெல்லாம் நீண்டிருக்கிறதோ அங்கெல்லாம் அதைக் குறுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தெனசிப் பள்ளத்தாக்கில் அரசாங்கம் நடத்தும் மின்சாரத் திட்டத்தைத் தனியாருக்கு விற்றுவிடலாம் என்றார். முதியோர்க்கு ஓய்வூதியம் வழங்கும் சமூகக் காப்புறுதித் திட்டத்தில் சேர்வது அவரவர் விருப்பமாகட்டும் என்றார். (பாலைநிலத்து நகரான பீனிக்ஸ் பெருகியது, மத்திய அரசாங்கம் 1911இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணையின் நீரால் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

விருப்பம் என்பது கேட்க இனிய சொல். ஆனால் 1935இல் சட்டமான அந்தக் காப்புறுதியின் இயல்பு வேறு. இன்று உழைப்பவன் செலுத்தும் பணமே இன்றைய முதியவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. இளைஞனும் வசதி படைத்தவனும் எனக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டால், எஞ்சியவர் எவருடைய பணத்தில் வாழ்வர்? 1959இல் 65 வயதைக் கடந்த அமெரிக்கரில் 100க்கு 35 பேர் வறியோராய் இருந்தனர். அந்நூற்றாண்டின் முடிவில் அத்தொகை 10ஐ அண்டி வந்தது. விரிவாக்கப்பட்ட ஓய்வூதியமே அதற்குப் பெருங்காரணம். விலகுகிறவனின் சுதந்திரத்துக்கான விலையை, விலக முடியாதவனே கொடுத்திருப்பான்.

இனி கடை வாசலுக்கு வருவோம். 1964 ஜூன் 19ஆம் நாள் செனட் சபை குடியுரிமைச் சட்டத்தை 73 வாக்குகளுக்கு 27 என்ற கணக்கில் நிறைவேற்றிற்று. எதிர்த்த 27 பேரில் கோல்ட்வாட்டரும் ஒருவர். உணவகம், விடுதி முதலியவற்றிலும் வேலைவாய்ப்பிலும் நிறபேதம் காட்டலாகாது என்ற இரு பகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்பது அவர் வாதம். இங்கே நேர்மையாக ஒன்றைக் கூறவேண்டும். அவர் நிறவெறியர் அல்லர். அரிசோனாவின் வான் காவற்படையை அமைத்தபோது அதில் நிறப்பிரிவினைக்கு இடமளியாதவர். 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். பேதம் தவறு, ஆயினும் அதைச் சட்டத்தால் தடுப்பது அதனிலும் தவறு என்று மனமார நம்பினார்.

அந்த நம்பிக்கை நடைமுறையில் எவ்வாறு பேசிற்று என்பதை அட்லாண்டா நகரின் விடுதி ஒன்று காட்டியது. 216 அறைகள் கொண்ட அவ்விடுதி கறுப்பின மக்களுக்கு இடமளிப்பதில்லை. சட்டம் வந்த கையோடு உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். அவர் எடுத்த வாதங்களுள் ஒன்று விசித்திரமானது. விரும்பாதவருக்கு அறை கொடுக்குமாறு தம்மைக் கட்டாயப்படுத்துவது, அடிமைத்தனத்தைத் தடைசெய்யும் 13ஆம் திருத்தத்துக்கு மாறானது என்றார்! அடிமைகளின் விடுதலைக்காக 1865இல் எழுதப்பட்ட வாசகத்தை, அவ்வடிமைகளின் பேரர்களை வாசலில் நிறுத்துவதற்குக் கேடயமாக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவ்வழக்கைத் தள்ளியது. ஆனால் நீதிபதிகள் தீர்ப்பைப் பெரிதும் நாட்டிய இடம், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். சட்டத்துக்கு அது போதும். நமக்குப் போதாது.

விடுதி உரிமையாளன் இழந்ததாகச் சொல்லும் சுதந்திரம் யாது? மறுக்கும் சுதந்திரம். வாசலில் நிற்பவன் இழந்திருந்ததோ நடமாடும் சுதந்திரம். 1936 முதல் முப்பதாண்டு அளவு அந்நாட்டில் ஒரு வழிகாட்டி நூல் வெளிவந்தது. காரில் பயணஞ் செய்யும் கறுப்பினக் குடும்பம் எந்த ஊரில் உண்ணலாம், எங்கே உறங்கலாம் என்று அறிவதற்காக அச்சிடப்பட்ட நூல் அது. பணமும் வாகனமும் இருந்தும், நூலில் ஊர் இல்லையேல் இரவில் தங்க இடமில்லை. இவ்விரண்டு இழப்புகளையும் ஒரே தராசில் ஒரே எடையென வைக்க எவருக்கு மனம் வரும்? வாசலின் உட்புறம் நின்று பார்ப்பவருக்கே வரும். கோல்ட்வாட்டரின் பிழை தீய உள்ளத்தால் வந்ததன்று. அவர் நின்ற இடத்தால் வந்தது.

அவர் தனிப்பட்ட நன்மையை வாக்காளர் எடைபோட வேண்டியிருந்ததா என்று கேட்கலாம். தெற்கு மாநிலத்து நிறவெறியர் அதை எடைபோடவேயில்லை. அவர்களுக்கு வேண்டியது அவருடைய உள்ளமன்று. அவருடைய 'வேண்டாம்' என்ற வாக்கு. தமது அரிசோனா நீங்கலாக அவர் வென்றவை ஐந்தே மாநிலங்கள்: மிசிசிப்பி, அலபாமா, ஜோர்ஜியா, லூயிசியானா, தென் கரோலினா. மிசிசிப்பியில் மட்டும் 100க்கு 87 வாக்குகள் சுதந்திரத்தின் பெயரால் அவருக்கு விழுந்தன. அம்மாநிலத்தில் அன்று வாக்காளராய்ப் பதிவு பெற்றிருந்த கறுப்பின மக்கள், அவ்வினத்து வயதுவந்தோரில் 100க்கு 7 பேரும் இல்லை.