ஆலோசனை எனும் அமானிதம்

மனிதர் பிறரிடம் ஒப்படைக்கும் பொருள்களுள் பொன்னினும் மேலானது அவர்தம் உள்ளம். பொன்னை ஒப்படைப்பவர் சீட்டுப் பெற்றுக்கொள்வார். உள்ளத்தை ஒப்படைப்பவருக்கோ சீட்டுமில்லை, சாட்சியுமில்லை. எனவேதான் ஆலோசனை கூறுவதையும் அமானிதங்களுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணினர். இன்று அது மனநல ஆலோசனை என்னும் தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. நம் பிள்ளைகளும் அதைப் பயிலத் தொடங்கியுள்ளனர். அவர்கள் முன் ஒரு வினா நிற்கிறது. தம் சமயம் பாவமெனக் கூறும் வாழ்வை மேற்கொண்ட ஒருவர் துயரத்தோடு வந்தமர்ந்தால், ஆலோசகர் எதைக் கையில் எடுப்பது? தம் நம்பிக்கையையா, தொழிலின் விதியையா?

இவ்வினா அமெரிக்க நாட்டில் நீதிமன்றம் வரை சென்றது. 2009-ஆம் ஆண்டில் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைத் துறையில் முதுகலை பயின்ற கிறிஸ்தவ மாணவி ஒருவரிடம், பயிற்சியின் பொருட்டு ஒருவர் அனுப்பப்பட்டார். மனச்சோர்வுக்கு உதவி தேடி வந்தவர் அவர். முன்பு தன்பாலின உறவு குறித்தும் ஆலோசனை பெற்றவர். அவ்வுறவை ஏற்று உறுதிப்படுத்தத் தம் சமயம் இடந்தராது என்று கருதிய மாணவி, இவரை வேறொருவரிடம் அனுப்பிவிடலாமா என்று சந்திப்புக்கு முன்னரே மேற்பார்வையாளரிடம் வினவினார். வந்தவர் வேறோர் ஆலோசகரிடம் ஒப்படைக்கப்பட்டார். மாணவியோ விசாரணைக்குப் பின் படிப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

கீழ்நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2012 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வழக்கைச் சான்றாயர் விசாரணைக்குத் திருப்பியனுப்பியது. சாவின் விளிம்பில் நிற்போர் தம் இறுதி நாள்களைப் பற்றி முடிவெடுக்க உதவி கேட்கும்போது, ஆலோசகர் விலகிக்கொள்ள அன்றைய தொழில் விதியே இடமளித்திருந்தது. அவ்வாறிருக்க, இம்மாணவி நீக்கப்பட்டது விதியின் பொருட்டா, அவருடைய சமயத்தின் பொருட்டா என்னும் ஐயம் நீதிபதிகளுக்கு எழுந்தது. அவ்வாண்டு இறுதியில் இரு தரப்பும் சமரசமாயின. 2014-இல் அமெரிக்க ஆலோசகர் சங்கம் தன் விதியைத் தெளிவாக்கியது. தம் சொந்த விழுமியங்களை மட்டும் காரணமாகக் கொண்டு வந்தவரைப் பிறரிடம் அனுப்புதல் ஆகாது என்பதே அவ்விதி.

இம்மாணவியை இகழ நாம் விரும்பவில்லை. அவர் மறைத்து நடிக்கவில்லை, முன்கூட்டியே கேட்டார். அந்நேர்மை மதிக்கத்தக்கது. நாமும் இப்பொருளில் நம் நிலையை மறைக்கப் போவதில்லை. இவ்வுறவை மார்க்கம் அனுமதிக்கவில்லை என்றே நாம் கற்றோம். அவ்வாறே கற்பித்தும் வருகிறோம். ஆயினும் ஈண்டு ஆராயப்படுவது அச்சட்டமன்று. மனச்சோர்வுக்கு உதவி நாடி வந்தவர் நம்மிடம் பத்வா கேட்டாரா என்பதே ஆராயத்தக்கது.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ மருத்துவரின் வரலாறு அரபு நூல்களில் உண்டு. பகைவர் ஒருவரைக் கொல்ல நஞ்சு தயாரித்துத் தருமாறு கலீஃபா முதவக்கில் அவரைக் கேட்டார். அவர் மறுத்தார்; சிறையும் புகுந்தார். காரணம் கேட்டபோது, தம் சமயம், தம் தொழில் ஆகிய இரண்டையும் அவர் காட்டினார். சமயம் பகைவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. மருத்துவமோ மனிதரின் நலத்துக்கென ஏற்பட்டது. அவருள் இரண்டும் ஒன்றையே பேசின. இன்றைய மாணவருள் இரண்டும் வெவ்வேறாகப் பேசுவது ஏன்? சமயம் தம்மிடம் கேட்பதை அவர் முழுமையாகக் கேட்கவில்லையோ என்று நாம் ஐயுறுகிறோம். இந்த ஐயத்துக்குக் காரணம் நம் சொந்தத் தவறேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மைத் தனியே சந்தித்தார். பல நாள்களாக உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை என்றார். காரணம் வினவினோம். தம் ஈர்ப்பு தம் பாலினத்தார் மீதே என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்னரே நாம் சட்டங்களை எடுத்துரைக்கத் தொடங்கிவிட்டோம். நாம் கூறியவற்றுள் நாம் கற்றதற்கு முரணானது ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஸலாம் கூறி எழுந்து சென்ற பின்னரே ஒன்று நினைவுக்கு வந்தது. அவருடைய உறக்கத்தைப் பற்றி நாம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதன்பின் அவர் நம் வாயிலுக்கு வரவேயில்லை. சட்டம் அவருக்குத் தெரியாததா? நம்மிடமே ஓதியவரல்லவா? தெரிந்ததை மீண்டும் கேட்க அவர் வரவில்லை. தம் சுமையைச் சற்றே இறக்கிவைக்க ஓரிடம் தேடி வந்தார். அன்று நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை நாம் காத்தோம் என்று எவ்வாறு கூறுவது?

இன்னொரு பக்கத்தையும் எண்ணிப் பார்ப்போம். பர்தா அணிந்த நம் மகள் ஒருத்தி, மனத்துயரோடு, இறைமறுப்பாளரான ஆலோசகரிடம் செல்கிறாள் எனக் கொள்வோம். அவளுடைய தொழுகையே அவள் நோய்க்குக் காரணம் என்று அவர் பேசத் தொடங்கினால் நாம் பொறுப்போமா? "உன்னைப் போன்றவளுக்கு நான் உதவ இயலாது, வேறிடம் செல்" என்று அனுப்பினால் அதை நேர்மை என்று மெச்சுவோமா? கொள்கை எதுவாயினும் அதை வெளியே வைத்துவிட்டு எம் மகளின் துயரைக் கேளுங்கள் என்றுதானே வேண்டுவோம்? நமக்கு வேண்டும் நீதியைப் பிறருக்கு மறுப்பது முறையாகாது.

அவ்வாறாயின் நம்பிக்கையாளர் தம் நம்பிக்கையைத் துறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை, அதை வேண்டும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை. உள்ளத்தின் கொள்கை வேறு, கை செய்யும் பணி வேறு. ஜார்ஜியா மாநிலத்தில் எழுந்த இத்தகையதொரு வழக்கில், 2011 டிசம்பரில் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றமும் இவ்வேறுபாட்டையே சுட்டியது. மாணவியின் நம்பிக்கையை மாற்றுமாறு பல்கலைக்கழகம் கோரவில்லை. வந்தவர்மீது அதைத் திணிக்காதிருக்கவே கோரியது என்றது அத்தீர்ப்பு.

நம் சென்னையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021-இல், பெற்றோருக்கு அஞ்சிப் பாதுகாப்பு வேண்டிய இரு பெண்களின் வழக்கு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இப்பொருளில் தமக்குத் தெளிவில்லை என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்த பின்னரே ஆணை பிறப்பித்தார். தீர்ப்புக் கூறுவதே தொழிலாகக் கொண்டவர் முதலில் கேட்பவராக அமர்ந்தார். கேட்பதே தொழிலாகக் கொண்ட ஆலோசகருக்கு இது கடினமாகலாமா?

எனவே இத்துறையை நாடும் நம் இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே. நுழையும் முன்னரே உங்கள் உள்ளத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். எவர் வந்தாலும் அவருடைய துயருக்குச் செவிகொடுக்க இயலும் எனில் செல்லுங்கள். இயலாதெனில் வேறு தொழில் தேடுங்கள், அதில் இழிவொன்றுமில்லை. கதவைத் திறந்துவைத்து, வந்தவரின் முகம் பார்த்த பின் அதை மூடுவதே இழிவு.

அந்த இளைஞர் இன்று எங்கிருக்கிறார் என்று நாம் அறியோம். எவரேனும் அவருடைய உறக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்பதே நம் துஆ. உள்ளங்களில் உள்ளவற்றை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.