எழுதிக் கொடுப்பதா, எழுதக் கற்பிப்பதா?

ஒருவனுக்குத் தெரியாத ஒன்றை அவனுக்காகச் செய்து கொடுப்பது உதவியா, அன்றி அவனே செய்து கொள்ளுமாறு கற்பிப்பது உதவியா என்னும் வினா மிகப் பழையது. பசித்தவனுக்குச் சோறிடுவதில் இவ்வையம் எழுவதில்லை. இட்ட சோறு உண்டவன் வயிற்றுக்கே செல்கின்றது. எழுத்தின் செய்தி அவ்வாறன்று. ஒருவனுக்காகப் பிறனொருவன் எழுதும்போது, எழுதப்பட்டது இன்னதென அறியும் உரிமையும் எழுதுபவனிடமே தங்கிவிடுகின்றது. சிற்றூர்களிலும் தோட்டப்புறங்களிலும் கணினியும் இணையமும் கொண்ட பொதுக் கற்றல் நிலையங்கள் அமைக்க இந்நாளில் பலர் முனைகின்றனர். முயற்சி நன்று. ஆயின், அந்நிலையங்கள் மேற்கூறிய இரண்டனுள் எதனைச் செய்யப் புகுகின்றன என்று வினவுவோரைத்தான் காணோம்.

நம்மவர்க்கு இவ்வினா புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவரப்பட்ட நாள் தொட்டு, ஊருக்குக் கடிதம் எழுத வேண்டினும், துரையிடம் மனுக் கொடுக்க வேண்டினும், கிராணியையோ எழுத்தறிந்த வேறொருவரையோ அண்டித்தான் நின்றனர். கிராணிமாருள் நல்லவர் உண்டு. காசு வாங்காது எழுதிக் கொடுத்தவரும் உண்டு. ஆனால் நல்ல கிராணியின் எழுத்தும் தொழிலாளியின் குரல் ஆகிவிடாது. தன் கூலிக் கணக்கில் ஐயங்கொண்டவன், அவ்வையத்தை எழுதித் தருமாறு அக்கணக்கை எழுதியவரிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது எத்தகைய நிலை!

சட்டம் பள்ளியைக் கொணர்ந்தது மெய்யே. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைத்தாக வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகை எழுந்தது; பாடஞ் சொல்லக் கங்காணியோ கிராணியோ வந்தமர்ந்தார். சட்டத்தின் கண்ணுக்குப் பள்ளி இருந்தது. பிள்ளைகள் கற்றனரா என்பதைச் சட்டம் கேட்கவில்லை. கட்டடத்தை எண்ணிக் கல்வியை எண்ணாது விடும் இக்குறை, கொட்டகைக்குப் பதிலாகக் குளிர்சாதன அறையும் சிலேட்டுக்குப் பதிலாகக் கணினியும் வந்துவிட்டதனால் மட்டும் நீங்கிவிடுமா?

புக்கிட் தெங்காவை எடுத்துக் கொள்வோம். ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், புக்கிட் மெர்தாஜாமை அடுத்துள்ள இவ்வூரை இன்று சிற்றூர் என்றல் பொருந்தாது. தொழிற்பேட்டை உண்டு, நெடுஞ்சாலை உண்டு, ரயில் நிலையம் உண்டு. எனினும் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கல்வியில் ஒரு கடல் என்றும் இருந்தே வந்துள்ளது. ஜார்ஜ் டவுனில் பினாங்கு பிரீ ஸ்கூலில் 1816ஆம் ஆண்டிலேயே தமிழ் வகுப்புத் தொடங்கப்பட்டது. சரியாக இருநூறு ஆண்டு கழிந்து 2016இல், அந்நகரிலேயே மின்னூலகம் ஒன்று இரவும் பகலும் திறந்திருக்குமாறு அமைக்கப்பட்டது. அறிவு முதலில் தீவில் இறங்கிப் பின்னரே இக்கரைக்குப் படகேறும் போலும்! (இப்போது பாலங்கள் இரண்டு இருக்கின்றன, படகுக்குக் காத்திருக்கும் சாக்கு இல்லை.)

"கைப்பேசிதான் எல்லார் கையிலும் இருக்கின்றதே, நிலையம் எதற்கு?" என்பர் சிலர். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, தந்தையின் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்த வீடுகளை இவர்கள் அறியார் போலும். அஃதொருபுறம் இருக்க, 2024ஆம் ஆண்டு ஜனவரி 2 முதல் மார்ச் 31 வரை, குடும்ப விவரங்களை இணையத்தில் பதிந்து கொள்ளுமாறு அரசாங்கம் 'பாடு' என்னும் பதிவேட்டைத் திறந்தது நினைவிருக்கும். கைப்பேசி இருந்தும் பதியத் தெரியாதோர் என் செய்தனர்? அடையாள அட்டையை எடுத்துக் கொண்டு முகப்பிடத்துக்கோ, அண்டை வீட்டுப் பிள்ளையிடமோ சென்றனர். வருமானம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் பிறர் விரல் வழியே சென்றன. கடவுச்சொல்லும் அவ்விரலுக்குத்தான் தெரியும். கிராணி மறுபிறவி எடுத்துவிட்டார்!

இந்நாட்டு அரசாங்கம் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஊர்ப்புற இணைய நிலையங்களை வைத்து வருகின்றது. பெயர்கள் பல மாறி, இன்று அவை 'நாடி' எனப்படுகின்றன. தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளை எண்ணி நாம் மகிழலாம்; ஆனால் நாடி இருந்தால் போதாது, அதைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் அங்கு இருக்க வேண்டும்.

தமிழகத்தில் மதுரையை அடுத்த மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் பெரிய கல்விக்கழகங்களின் துணையோடு ஊர்தோறும் இணைய நிலையங்கள் வைத்தனர். சில ஆண்டுகளுக்குள் அவற்றுட் பாதிக்கு மேல் மூடப்பட்டன. கருவி அங்கும் குறைவில்லை. புதுச்சேரியில் 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொடங்கிய அறிவு நிலையங்களோ வேறு வழியில் சென்றன. இடத்தை ஊரார் தரவேண்டும். சாதி பாராது எல்லாரும் உள்ளே வரக்கூடிய பொது இடமாக அஃது இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. நிலையங்களை நடத்தியோருட் பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்கள். வீராம்பட்டினத்து மீனவர்க்கு அலையின் உயரத்தை இணையத்தினின்று எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். திரையைக் காணாதவனுக்கும் செய்தி சென்றது. நிபந்தனையின் அருமை இங்கேதான் விளங்கும்: சேரிக்காரன் வாசலோடு நிறுத்தப்படும் நிலையத்தில் எத்தனை கணினி இருந்தென்ன?

2004 டிசம்பர் 26இல் நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நடந்தது இன்னும் பெரிது. சிங்கப்பூரில் வேலை செய்து வந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் பூட்டியிருந்த அறிவு நிலையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் கூவினர். 3,000க்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். கதவை உடைக்கத் துணிந்தார்களே, அந்த உரிமை எங்கிருந்து வந்தது? அது தம்முடையது என்னும் எண்ணத்தினின்றே வந்தது. தருமமாகக் கிடைத்த பொருளாயின், சாவிக்காரர் வரும்வரை காத்து நின்றிருப்பர்.

இனி, மறுப்புக்குரிய இடம் ஒன்று உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. பால்மரம் வெட்டி முதிர்ந்த எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி, உதவித்தொகை மனுவோடு வந்து நிற்கிறாள். நாளை கடைசி நாள். "பாட்டி, முதலில் எழுத்தைத் தட்டக் கற்றுக் கொள்ளுங்கள்" என்பது கொள்கையன்று, கொடுமை. அன்று எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எழுதிக் கொடுப்பதிலும் இரு வகை உண்டு. திரையை அவள் முகத்துக்கு நேரே திருப்பி, மலாயில் உள்ள ஒவ்வொரு வரியையும் தமிழிற் படித்துக் காட்டி, அவள் தலையசைத்த பின் நிரப்புவது ஒன்று. "நான் பார்த்துக் கொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்பது மற்றொன்று. பின்னதும் அன்பினாற் சொல்லப்படுவதே. அவ்வன்பின் முடிவில் பாட்டியின் கடவுச்சொல் நிலையத்தின் மேசையறையில் கிடக்கும். முன்னதில் அஃது அவள் முந்தானை முடிச்சில் வீட்டுக்குப் போகும். அடுத்த முறை அவள் பேரப்பிள்ளையை உடனழைத்து வந்து, அவனுக்கு அருகிருந்து வழி சொல்வாளாயின், அதைவிடப் பெரிய பாடம் அந்நிலையத்தில் நடவாது.

வெட்கம் என்பது பெருந்தடை. பிள்ளைகள் முன் தட்டுத் தடுமாற எந்தத் தந்தையும் விரும்பான். ஆதலின் பெரியோர்க்குத் தனி வேளை வேண்டும். அவ்வேளை எது என்பதையும் ஆய்ந்தே வைக்க வேண்டும். காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு அடைக்கும் நிலையம், பகல் முறையில் உழைக்கும் பெண்ணுக்கு என்றும் பூட்டிய கதவே. புக்கிட் தெங்காவில் இப்பணிக்கு முனையும் அன்பர்கள், கணினி எத்தனை வாங்குவதென்று கூட்டம் போடுமுன், தொழிற்பேட்டையில் முறை மாறும் நேரங்களைக் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளட்டும். சாவியின் ஒரு படியை ஊரில் யார் வீட்டில் வைப்பது என்பதையும் அக்கூட்டத்திலேயே பேசி முடிக்கட்டும்.