நோயை அறிந்தவனைத் தண்டிக்கலாமா?

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனித உடலைப் பற்றிப் படிக்கிறார்கள். சுவாசப்பையில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உண்டென்றும், அவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே இரத்தம் பிராணவாயுவைப் பெறுகிறதென்றும் ஒப்பிக்கிறார்கள். அந்தச் சுவாசப்பையில் உள்ள நோயை அறிய மனிதன் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1816-ல் லாயென்னெக் என்ற பிரெஞ்சு வைத்தியர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். 1895-ல் ரோஞ்சன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். இன்று கோழையில் கிருமி உண்டா என்பதை இரண்டு மணி நேரத்திற்குள் சொல்லும் கருவியும் வந்துவிட்டது.

பாடம் இத்துடன் முடிகிறது. பாடப்புத்தகம் கேளாத கேள்வி ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவன் பரிசோதனைக்குப் போகக் கடமைப்பட்டவனா?

"என் உடம்பு, என் நோய், அறிவதும் அறியாதிருப்பதும் என் இஷ்டம்" என்பார் சிலர். மருந்தில்லாததும் பிறருக்குத் தொற்றாததுமான நோயானால் இந்த வாதத்தில் நியாயம் உண்டு. காசநோயின் சங்கதியோ வேறு. அதற்கு மருந்து உண்டு. மேலும் அது காற்றின் வழியாய்ப் பரவுவது. ஒரே அறையில் படுத்துறங்கும் மனைவி மக்கள் அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்? ஆகவே அறிந்துகொள்வது அவன் கடமையே.

ஆனால் கடமை அவனுக்கு மட்டுந்தானா? அவன் ஏன் போகத் தயங்குகிறான்? ஊசிக்குப் பயந்தல்ல, நமக்குப் பயந்து. செய்தி வெளிப்பட்டால் மகளின் சம்பந்தம் தட்டிப்போகும்; வேலை போகும்; அண்டை வீட்டார் தனி டம்ளரில் தண்ணீர் கொடுப்பார்கள். அறிந்துகொண்டதற்காக ஒருவனைத் தண்டித்தால், மற்றவர்கள் அறியாமலிருக்கவே விரும்புவார்கள் அன்றோ?

இந்தத் தண்டனை அநியாயம் மட்டுமல்ல, அறிவீனமுங்கூட. 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானடோரியத்திலும், மறுபாதியினருக்கு நெருக்கமான அவர்களுடைய சொந்த வீடுகளிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தார்கள். நோயாளியோடு வீட்டிலேயே வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. உலகெங்கும் நோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறைக்கு இது வழிகாட்டியது.

இதன் பொருளைக் கவனியுங்கள். மருந்து ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கியதும், பரப்பும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. பெரிய ஆபத்து, நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே. நாமோ அந்த நாட்களில் அவனோடு தாராளமாய்ப் பழகிவிட்டு, மருந்து உண்ணத் தொடங்கிய பின் விலகி ஓடுகிறோம்!

ஆகவே பெற்றோரே, வீட்டில் நீடித்த இருமலோ, மாலைக் காய்ச்சலோ, உடல் மெலிவோ கண்டால் ஒளிக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் சுகம் கண்டதும் நிறுத்துவது பெருந்தவறு. மாணவரே, உங்கள் தோழனின் வீட்டில் நோய் என்று கேள்விப்பட்டால் அதை வகுப்பில் பரப்பாதீர்கள். விடுபட்ட பாடத்தை அவனுக்கு எழுதிக் கொடுங்கள். அண்டை வீட்டாரே, மருந்து உண்ணும் வீட்டுக்கு வழக்கம்போல் போய் வாருங்கள். அதைக் கண்டு இன்னொருவன் துணிந்து பரிசோதனைக்குப் போவான்.