யாருடைய மிச்சம்?



சிக்கனம் நற்குணம் என்று சிறு பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம், சரிதான். ஆனால் மிச்சம்பிடிக்கிற காசு யாருடையது என்று யார் கேட்கிறோம்? தொழிற்சாலைக் காரியம் ஒன்றை உதாரணமாகச் சொல்லுகிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

யுரேனியத் தாதுக்கல்லை மாவாய் அரைத்து, பெரிய தொட்டிகளில் கந்தகத் திராவகமும் தண்ணீரும் விட்டுக் கலக்குவார்கள். யுரேனியம் கரைந்து வரும். அதை மஞ்சள் நிறப் பொடியாகப் பிரித்தெடுப்பார்கள். ஆயிரம் கிலோ கல்லில் ஒன்றிரண்டு கிலோ கிடைப்பதே பல இடங்களில் பெரிது. ஆகையால் எவ்வளவு பொடியாய் அரைப்பது, எத்தனை மணி ஊறவைப்பது, திராவகத்தை எவ்வளவு குறைப்பது என்று கணக்கிட்டே ஆலை நடக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கல் திராவகத்தை வீணே குடித்துவிடுமாதலால், ஆந்திரத்துத் தும்மலப்பள்ளியில் காரக் கரைசலைக் கொண்டு கரைக்கிறார்கள். இதிலெல்லாம் குற்றம் ஏது? நம் வீட்டுப் பெண்கள் எண்ணெய்ச் செலவைக் குறைப்பதுபோலத்தான்.

எஞ்சிய கல்மாவு என்னவாகிறது? ரேடியம் அதிலேயே தங்கிவிடுகிறது. அதில் பாதி அழியவே 1,600 ஆண்டு செல்லும். இதைத் திராவகத் தண்ணீரோடு கரை கட்டிய குளத்தில் விடுவார்கள். கரை கட்டுவதும் செலவுதானே! திராவகத்தை அளவு மீறிக் குறைத்தால் நஷ்டம் முதலாளிக்கு, உடனே தெரிந்துவிடும். கரையில் குறைத்தாலோ நஷ்டம் பிறருக்கு. அது ஆலையின் கணக்கில் ஏறாது. இரண்டுக்கும் மிச்சம் என்ற ஒரே பெயரா?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவிலே, ‘கோயில் பாறை’ என்று பொருள்படும் சர்ச் ராக்கில், 1979 ஜூலை 16 அதிகாலையில் அத்தகைய கரையொன்று உடைந்தது. முன்பே வெடிப்புக் கண்ட கரை அது. சுமார் 35 கோடி லிட்டர் திராவகத் தண்ணீரும் 1,100 டன் கல்மாவும் புவேர்கோ ஆற்றில் பாய்ந்தன. நவஹோ பழங்குடியினர் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிய ஆறு!

முதலாளி தீங்கு நினைக்கவில்லையே என்பீர்கள். நினைத்திருக்கமாட்டார். ஆயினும் வெடிப்பைக் கண்டபின் ‘அறியேன்’ என்ற சொல்லுக்கு இடமுண்டோ? அந்த ஆடு மேய்ப்பவர்கள் மஞ்சள் பொடியை விற்றவர்களுமல்ல, வாங்கியவர்களுமல்ல. பிறகு ஆட்கள் மண்வெட்டியும் பீப்பாயுமாய் ஆற்றுப்படுகையில் இறங்கி அள்ளினார்கள். அள்ள முடிந்தது சிறு பங்கே.