எண்ணுகிறவரும் கணக்கில் உண்டு

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஊழியம் செய்கிறவர்களுக்கான தியானக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்தச் சபைக்காரராக இருந்தாலும் சரி, இந்த மண்ணில் ஊழியம் செய்கிறவர் வீரமாமுனிவரைத் தாண்டிப் போக முடியாது. திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. 1680-இல் இத்தாலியில் பிறந்த மனிதர் அங்கே வந்து அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார், ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார், கலம்பகம் பாடினார். 1726-இல் தேம்பாவணியை முடித்தார். 3,615 பாட்டு. சூசையப்பரை வளன் என்ற தமிழ்ப் பெயரோடு காப்பியத் தலைவன் ஆக்கினார். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே உண்டு.

மறு வருஷம், 1727-இல் அவர் எழுதியதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. காப்பியம் பாடிய கை உரைநடைக்கு இறங்கியது. நூலின் பெயர் வேதியர் ஒழுக்கம். உபதேசியார்கள் எப்படி வாழ வேண்டும் என்று அவர்களுக்கே சொன்ன நூல்.

ஏன் அவருக்கு அந்த வேலை முக்கியமாகப் பட்டது? அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு சாமியார் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள். ஊருக்கு ஊர் நடை. பஞ்சமும் படையெடுப்பும் நடுவில். ஒரு கிராமத்துக்கு அவர் வந்து போவதே அபூர்வம். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகிற பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, சாவு எடுப்பது, பங்காளிச் சண்டை தீர்ப்பது எல்லாம் உபதேசியார்தான். அவர் குடித்தால் வேதமே குடித்ததாகப் பேச்சு. அவர் கடன் வாங்கித் திருப்பாவிட்டால் வேதக்காரனே இப்படித்தான் என்று பேச்சு. கோயில் கூரை ஒழுகினாலும் சபை தாங்கிவிடும், உபதேசியார் ஒழுகினால் தாங்காது என்பது வீரமாமுனிவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு மட்டும் என்ன மாறிவிட்டது? வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வேதப்புத்தகப் பையை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்கி வருகிற அந்த ஒருவரைப் பார்த்துத்தான் ஊர் இயேசுவை மதிப்பிடுகிறது.

அதே வீரமாமுனிவர்தான் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். சிறு பிள்ளைகள் படித்துச் சிரிக்கிற கதை என்று வைத்துவிட்டோம். எனக்கென்னவோ, வேதியர் ஒழுக்கத்தில் நேராகச் சொன்னதையே அங்கே சிரிக்கவைத்துச் சொன்னார் என்று தோன்றுகிறது. ஆதாரம் கேட்காதீர்கள், இது என் எண்ணம்.

அதில் ஆறு கடக்கிற கதை நினைவிருக்கும். கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்த்து, ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று சோதித்து, நடுங்கி நடுங்கிக் கரையேறுகிறார்கள். ஏறியதும் தலை எண்ணுகிறார்கள். குருவும் சீடரும் ஆறு பேர், எண்ணினால் ஐந்துதான் வருகிறது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி. கடைசியில் வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டுகிறான். குருவும் தப்பவில்லை.

நம்முடைய வேலையே எண்ணுவதுதான், இல்லையா? எத்தனை குடும்பம், எத்தனை பேர் நற்கருணைக்கு வந்தார்கள், யார் மூன்று வாரமாக வரவில்லை, யார் மகன் பதிவுத் திருமணம் செய்துகொண்டான், யார் தசமபாகத்தில் கைவைத்தார். ஊர்ப் பாவம் அத்தனையும் நமக்கு மனப்பாடம். எண்ணுகிற விரல் நம் நெஞ்சுக்கு நேரே வரும்போது மட்டும் அடுத்த ஆளுக்குத் தாவிவிடுகிறது.

வீரமாமுனிவரையும் எண்ணித்தான் ஆக வேண்டும். 1822-இல் அவர் சரித்திரத்தை எழுதிய முத்துசாமிப் பிள்ளை, பல்லக்கும் பட்டுமாக அவர் போனதாக வருணிக்கிறார். அப்படியெல்லாம் இல்லை என்று மறுக்கிற அறிஞர்களும் உண்டு. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீரமாமுனிவர் ஊழியம் செய்த மதுரை மிஷனில் மேல்சாதிக்காரருக்குச் சந்நியாசி சாமியார், கீழ்ச்சாதி என்று தள்ளப்பட்டவருக்குப் பண்டாரசாமி என்று இரண்டு வகைக் குருக்கள் இருந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குள்தான் நம் முன்னோர்கள் வேதம் போதித்தார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பினார்கள். நான் இதைச் சொல்லும்போது சிலர் முகம் மாறுவது தெரிகிறது. மாறட்டும். மண்ணுக்குள் போனவனையும் பிரித்துப் படுக்கவைத்துவிட்டு, மேலே நின்று உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்த ஊழியன் எந்த ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவான்?

வேதத்துக்கு வருகிறேன். சாமுவேல் வயதாகி, தலை நரைத்து, பொறுப்பிலிருந்து இறங்குகிறார். கில்காலில் சனங்கள் கூடியிருக்கிறார்கள். பிரிவுபசார விழாவென்றால் நாம் என்ன செய்வோம்? சால்வை, வாழ்த்து மடல், ‘ஐயா காலத்தில்தான் காம்பவுண்டு சுவர் வந்தது’ என்று நாலு பேச்சு. சாமுவேல் கேட்டது வேறு. யாருடைய மாட்டை நான் பிடித்துக்கொண்டேன், யாருடைய கழுதையை ஓட்டிக்கொண்டேன், யாரை ஏமாற்றினேன், யாரிடம் கைக்கூலி வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன், சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்கிறேன் என்று சபை நடுவே நின்று கேட்டார். மாடும் கழுதையும் என்றால் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் சொத்து. பொதுவாக ‘என்னில் குறை இருந்தால் மன்னியுங்கள்’ என்று மழுப்பவில்லை. பேர் சொல்லி, பொருள் சொல்லி, எண்ணிக்கொள்ளுங்கள் என்று நின்றார்.

அதே சாமுவேல் சிறு பையனாக வளர்ந்த சீலோவில் என்ன நடந்தது? அங்கே ஆசாரியர்கள் ஏலியின் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும். பலி கொடுக்க வந்த ஏழையின் பானை அடுப்பில் கொதிக்கும்போதே, வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தோடு வந்து குத்தி எடுத்துக்கொண்டு போவான். கொழுப்பைக் கர்த்தருக்கு எரிக்குமுன்பே பச்சைக் கறி கொடு என்பான். கொடுக்காவிட்டால் பிடுங்குவேன் என்பான். ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆராதனை ஒரு நாளும் நிற்கவில்லை. புகை எழும்பிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் சனங்களுக்குக் காணிக்கை கொடுப்பதே வெறுத்துப்போயிற்று. சாமியாரைப் பார்த்துச் சாமியை விட்டவர்கள் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்பதை வீடு சந்திக்கப் போகிறவர்கள் அறிவீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், அதுதானே எல்லாரும் சுற்றிப் போகிற இடம். எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை திரட்டினார் பவுல். அப்போஸ்தலன், ஒரு சபைக்கு அல்ல, பல சபைகளுக்குத் தகப்பன். என்னை நம்பமாட்டீர்களா என்று கோபித்துக்கொண்டிருக்கலாம். அவரோ தீத்துவை அனுப்புகிறார், சபைகளே தேர்ந்தெடுத்த சகோதரர்களையும் உடன் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் சரியாக இருந்தால் போதாது, மனுஷர் கண்ணுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார். ‘ஆண்டவருக்குத் தெரியும்’ என்று நாம் வாயடைக்கிற இடத்தில் பவுல் சாட்சிக்கு ஆள் வைத்தார்.

ஆராதனை முடிந்து பின்னறை மேசையில் காணிக்கைப் பையைக் கொட்டுகிறோம். பத்து ரூபாய்த் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுகிறோம், நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்குகிறோம். சுருட்டி மடித்து வியர்வையில் நைந்த ஒரு தாள் வரும். அது வெங்காயம் அறுத்த கூலி. அந்த மேசையைச் சுற்றி இரண்டு பேராவது எண்ணி, அங்கேயே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஐயருக்கே பாதுகாப்பு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தார் என்ன விலைக்குப் போனது என்று ஊருக்கே தெரியும், அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரவானது என்று யாருக்கும் தெரியாது. இப்போது கியூஆர் கோடு வேறு வந்துவிட்டது. பீடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற அட்டையை ஸ்கேன் செய்தால் பாஸ்டரின் சொந்தப் பெயர் வருகிறது. எடுக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்று நாளைக்கு அவரால் நிரூபிக்க முடியாதே என்றுதான் கவலைப்படுகிறேன்.

பணத்தில் அப்படி நிரூபித்துக் காட்டிய ஒருவர் உண்டு. தேம்பாவணி முடிந்த அதே 1726-இல் பிரஷ்யாவில் ஒரு குழந்தை பிறந்தது. சுவார்ச் ஐயர். 1750-இல் தரங்கம்பாடி வந்து, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798-இல் தஞ்சையிலேயே மண்ணானார். 1779-இல் சென்னை அரசு அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பியது. மற்ற வெள்ளைக்காரரை நம்பாத ஐதர், இவரை நம்பினார். வழிச்செலவுக்கென்று 300 ரூபாய்ப் பை கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தொகை. சுவார்ச் அதைக் கொண்டுவந்து அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சையில் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாக்கினார்.

அந்த நேர்மையின் பலன் பிறகு தெரிந்தது. போர்க்காலப் பஞ்சத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடும் இருந்தது. ஆனால் அதிகாரிகள் வாங்கியதற்குக் காசு கொடுத்ததே இல்லை, அதனால் குடியானவர் அசையவில்லை. ராஜாவின் வாக்கு எடுபடவில்லை, ஆங்கிலேயக் கும்பினியின் வாக்கும் எடுபடவில்லை. சுவார்ச், பணத்துக்கு நான் பொறுப்பு என்றார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுத்தும் தீர்த்தார். அன்றைக்கு அவர் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. அந்த 80,000 கலத்தை இழுத்து வந்தது அவர் அதற்கு முன் வாழ்ந்த வருஷங்கள்.

நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வீடு சந்திப்பில் ஒரு அம்மா அழுது சொன்னதை, அடுத்த ஞாயிறு ‘பக்கத்து ஊரில் ஒரு சகோதரி’ என்று பிரசங்கத்தில் உதாரணம் காட்டுகிறோம். அறுபது குடும்பம் இருக்கிற ஊரில் அந்தச் சகோதரி யார் என்று தெரியாமலா போகும்? அடுத்த பாட்டு முடிவதற்குள் ஊர் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு அந்த வீட்டில் உங்களுக்குக் காபி கிடைக்கும், உண்மை கிடைக்காது.

செட்டிகுளம் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். பட்டறையில் போட்ட சின்ன வெங்காயத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. கிட்டே போய் மோந்து பார்ப்பார்கள், நாற்றம் தட்டினால் பிரித்துக் கொட்டி அழுகலைப் பொறுக்குவார்கள். ஊழியர் மேல் புகார் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? நாற்றம் தட்டினால் பட்டறையை வேறு ஊருக்கு மாற்றுகிறோம். டிரான்ஸ்பர்! அமெரிக்காவில் பாஸ்டன் மறைமாவட்டம் அப்படித்தான் செய்தது. சிறுவர்களிடம் அத்துமீறிய குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2002-இல் ஒரு நாளிதழ் அதை அம்பலப்படுத்தியது, அதே ஆண்டு முடிவதற்குள் பேராயரே பதவி விலகும்படி ஆனது. நம் நாட்டில் 2012-இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது. பிள்ளைக்கு அப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்தவர் யாரானாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். ‘சபை மானம் போய்விடும், உள்ளுக்குள் பேசி முடிப்போம்’ என்று எந்த மூப்பர் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையின் மானத்தை விற்றுச் சபைக்கு மானம் வாங்கச் சொல்லி ஆண்டவர் யாரிடமும் சொல்லவில்லை.

பொறுப்பேற்பது என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள நாம் தொலைதூரம் போக வேண்டாம். 1956 நவம்பர் 23, விடியற்காலை. அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் நொறுங்கி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 100-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். உங்கள் தாத்தா பாட்டிகள் அந்த மழையைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். டெல்லியில் இருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவரும் அல்ல, ரயிலை ஓட்டியவரும் அல்ல. சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்தார், நேரு வாங்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார், ஏற்கப்பட்டது. பதவியும் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன என்று இந்தியாவில் யார் பேசினாலும் நம் ஊர்ப் பெயர் வந்துவிடும். அவர் கிறிஸ்தவர் இல்லை. நம்முடைய பேராயங்களிலும் சினாடுகளிலும் அப்படி ஒரு தாளை யாராவது எழுதி நீட்டினார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இனி மூப்பர்களுக்கும் கமிட்டிக்கும். ஐயர் யோக்கியராக இருக்க வேண்டும் என்று கேட்கிற நீங்கள், அவருக்கு மாசம் என்ன கொடுக்கிறீர்கள்? அவர் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் உங்களில் யாராவது விசாரித்ததுண்டா? பசியோடு இருக்கிறவன் கையில் காணிக்கைப் பையைக் கொடுத்துவிட்டு, மேலே இருந்து ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் போய்விட்டால், நாளைக்கு நடக்கிற தப்பில் உங்களுக்கும் பங்குண்டு. பவுல் தன் கையால் கூடாரம் தைத்துப் பிழைத்தார் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். உழைக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற பிரமாணத்தை எடுத்து, ஊழியக்காரருக்குக் கூலி உண்டு என்று வாதாடியவரும் அதே பவுல்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கணக்கு நோட்டை வாசல் மேசையில் திறந்து வையுங்கள். யார் வேண்டுமானாலும் புரட்டட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கேட்டால் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். யாராவது ஒருவர் ‘இந்த வவுச்சர் எங்கே?’ என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அவரை அடுத்த கமிட்டித் தேர்தலில் கழற்றிவிடாதீர்கள்.