கூலியும் நன்றியும்

பலனை எதிர்பார்த்துச் செய்வது உதவியாகுமா? நம் வீடுகளில் ஓயாமல் நடக்கும் வழக்கு இது. மகனிடம் படிப்புச் செலவைச் சொல்லிக்காட்டும் தகப்பனார் இதில் எப்போதும் தோற்றுவிடுகிறார். கணக்கு வந்த இடத்தில் அன்பு போய்விட்டது என்பது தீர்ப்பு. எனக்கு அந்தத் தீர்ப்பில் சந்தேகம் உண்டு.

அரியலூர் என்றால் சிமெண்டு ஆலைதான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த மாவட்டத்து ஜெயங்கொண்டம் பக்கம் கடலைக் கொல்லைகளும் உண்டு. அங்கே ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரெல்லாம் கடுகளவு முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் குடியிருப்பவை ரைசோபியம் வகை நுண்ணுயிர்கள். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இருந்தும் செடிக்கு எட்டாத தழைச்சத்தை அவை உணவாக்கித் தருகின்றன; செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது.

கேட்க இனிக்கிறது அல்லவா? ஆனால் 2003-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றைக் கேளுங்கள். சோயாச் செடியின் முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றை மாற்றி, நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாதபடி ஆக்கினார்கள். உடனே செடி அந்த முடிச்சுகளுக்குப் பிராணவாயுவைக் குறைத்துவிட்டது. உள்ளே இருந்தவற்றின் பெருக்கம் பாதியளவுக்கு விழுந்தது. நம் ஊர் வட்டிக்கடைக்காரர் கூட இத்தனை கறார் இல்லை! நாம் யூரியாவை அள்ளிக் கொட்டினாலோ, செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்கிறது.

காவல்காரன் கதையும் இப்படித்தான். பெரம்பலூர், அரியலூர் உளுந்து விதையோடு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலப்பார்கள். மண்ணிலுள்ள இரும்புச்சத்தை அது தனக்கென்று இழுத்துக்கொள்கிறது. வேரழுகல் பூசணம் பட்டினி கிடக்கிறது. வேரைக் காக்கும் எண்ணம் அதற்கு ஏது? தன் வயிற்றுப்பாட்டைத்தான் பார்க்கிறது. ஆனாலும் வேர் பிழைத்துக்கொள்கிறது. இதை உதவி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செய்கிறவனின் மனத்தைத் துருவித் துருவி அளப்பதை நாம் தர்மம் என்று நினைத்துவிட்டோம். நன்றி என்பது கொடுத்தவன் மனத்தைப் பொறுத்ததா, வாங்கியவன் அறிவைப் பொறுத்ததா? அந்தக் கொல்லையில் செடிக்கும் தெரியாது, நுண்ணுயிருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, விதையோடு புரட்டி, வேப்பமர நிழலில் சாக்கு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தார் அந்த மூதாட்டி. ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று நான் சாக்கின் ஓரத்தைப் பிடித்து வெயில் பக்கம் இழுத்தேன்.

"வேணாங்க ஐயா, வெயில்ல போட்டா செத்துப் போயிரும். அதுவும் உசுரு தானுங்களே" என்றார்.