மூன்று வேளை கடித்த இலை

தரங்கம்பாடிக்கு மொரேவிய சபையின் மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகத் தென்னிந்தியாவில் அலைந்து, 1819-இல் சென்னையில் இறந்தவர் பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர். 1813-இல் அவர் எழுதிய ஒரு கடிதம் இரண்டு ஆண்டு கழித்து லின்னேயன் கழகத்தின் ஆய்விதழில் அச்சானது. விஷயம் சின்னதுதான். ரணகள்ளி இலையைக் காலையில் கடித்தால் நன்றாகப் புளிக்கிறது. பொழுது ஏற ஏறப் புளிப்பு குறைந்து, உச்சிவேளையில் ருசியே இல்லாமல் போகிறது. சாயங்காலம் லேசாகக் கசக்கிறது. இந்தச் செடியில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு, இதன் இனத்துச் செடிகளைத் தின்று ஆஸ்திரேலியாவில் மாடுகள் செத்திருக்கின்றன என்பதெல்லாம் ஹைனுக்குத் தெரிந்திருக்காது. அதை விடுவோம். ஒரு இலையை ஒரு தடவை கடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றும். புளிப்பு என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போயிருக்கலாம். மத்தியானம் அவர் ஏன் திரும்பி வந்தார்? இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. அவர் திரும்பி வராமல் இருந்திருந்தால், ‘ரணகள்ளி புளிக்கும்’ என்ற அரை உண்மை ஒரு முழு உண்மையாகவே பதிவாகியிருக்கும்.

அந்தப் புளிப்புக்குக் காரணம் வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்குகின்றன. அப்படித் திறந்தால் தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட ரணகள்ளிக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. ஆகவே இரவில் மட்டும் துளைகளைத் திறக்கிறது. அப்போது வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. பகலில் கதவை அடைத்துவிட்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து, வெயிலைக் கொண்டு மாவுப்பொருள் செய்கிறது. ராத்திரியே மாவரைத்து வைத்துவிட்டுக் காலையில் இட்லி ஊற்றுவதைப் போன்ற ஏற்பாடு. நம் வீட்டு மாவைப் போலவே விடியும்போது புளித்தும் இருக்கிறது. ஹைனின் நாக்கு உணர்ந்தது ஒரு சிக்கனத்தின் கணக்கை. இந்தச் சிக்கனமும் இலையின் தடிப்பும் சேர்ந்துதான், பறித்த பிறகும் வாரக்கணக்கில் அந்த இலை வாடாமல் இருக்க உதவுகின்றன.

அதனால்தான் நம் ஊரில் இதற்குக் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று இன்னொரு பெயர். இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டால் போதும். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இலை ஓரத்து வெட்டுப்பள்ளங்களிலிருந்து வேரும் இரண்டு இலையுமாகக் குட்டிச் செடிகள் எட்டிப் பார்க்கும். இதைக் கண்டவர்கள் உடனே ஒரு நீதியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: ஒடித்தால்தான் துளிர்க்கும், பிரிந்தால்தான் பெருகும், ஆகவே உன்னை ஒடித்தவர்களுக்கு நன்றி சொல். மேடைப் பேச்சுகளில் இது நன்றாக எடுபடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒடிப்பதுதான் காரணம் என்றால் மா இலையும் முருங்கை இலையும் குட்டி போட வேண்டும். அவை சருகாகத்தான் போகின்றன. ஒடிப்பு எல்லா இலைக்கும் ஒன்றுதான், இலைகள்தான் ஒன்றல்ல.

இதற்கு என்னிடம் உள்ள வலுவான சாட்சி ழாக் லோப். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த இந்த உடலியலாளர், 1924-இல் இறக்கும்வரை தம் கடைசி ஆண்டுகளில் ரணகள்ளி இலையை ஆராய்ந்துவந்தார். கவித்துவம் எதுவும் கிடையாது, தராசு மட்டும்தான். ஒரே கணுவில் எதிரெதிரே வளர்ந்த இரண்டு இலைகளைப் பறித்து, ஒன்றை முழுதாகவும் மற்றதைக் குறைத்தும் வைத்து, முளைத்த குட்டிகளை நிறுத்துப் பார்த்தார். குட்டிகளின் மொத்த எடை இலையின் எடைக்கு ஏற்ற விகிதத்தில் இருந்தது. எத்தனை குட்டி என்பது மாறலாம். மொத்தம் எவ்வளவு என்பதை இலையின் பருமன் தீர்மானித்தது. வெட்டின் ஆழமோ முரட்டுத்தனமோ இந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆனாலும், தாய்ச்செடியில் இருக்கும்வரை அந்த முளைகள் தூங்கத்தானே செய்கின்றன, பறித்த பிறகுதானே விழிக்கின்றன என்று யாராவது மடக்கலாம். நியாயமான கேள்வி. ஓரத்துப் பள்ளம் ஒவ்வொன்றிலும், இலை உருவாகும்போதே ஒரு சிறு முளை ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்பதும், தண்டோடு சேர்ந்திருக்கும்வரை அது பொதுவாக வளருவதில்லை என்பதும் உண்மை. லோப் சொன்ன விளக்கம் எளிமையானது: சேர்ந்திருக்கும் இலை தன் சாற்றைத் தண்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது, பறித்ததும் அந்தப் போக்கு நின்று, சாறு இலையிலேயே தங்கி, முளைக்குப் போகிறது. பிற்காலத்தவர்கள் ஹார்மோன்களைச் சேர்த்து இதை இன்னும் சிக்கலாக்கிவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் வெட்டு எதையும் கொடுக்கவில்லை, ஒரு செலவை நிறுத்தியது, அவ்வளவுதான். மேலும், இதன் நெருங்கிய உறவான கலான்கோ டைகிரிமான்டியானா யாரும் கைவைக்காமலே தாய்ச்செடியில் இருக்கும்போதே இலை ஓரமெங்கும் குட்டி போட்டு உதிர்க்கிறது. 2007-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இப்படித் தானாகவே குட்டி போடும் இனங்கள் முளைக்கக்கூடிய விதையை உருவாக்கும் திறனை இழந்திருப்பதைக் காட்டியது. பொதுவாகப் பறித்தால்தான் குட்டி போடும் ரணகள்ளிக்கு விதையும் உண்டு. அடக்கிவைப்பதிலும் ஏதோ ஆதாயம் இருக்கிறது போலும்.

ஜெர்மானியக் கவிஞர் கதேயைப் பற்றிப் படித்ததில் அதிகம் மனதில் நின்றது அவருடைய ‘ஃபாவுஸ்ட்’ அல்ல, ரணகள்ளிமேல் அவருக்கிருந்த பித்துதான். தாவரத்தின் எல்லா உறுப்பும் இலையின் மாற்றுருவமே என்று 1790-இல் எழுதியவர், வயதான காலத்தில் வைமார் வீட்டில் இதை வளர்த்தார். 1826-இல், எழுபத்தேழு வயதில், தம் தோழி மரியானே ஃபான் வில்லெமருக்கு இதன் இலையை அனுப்பிவைத்தார். ஜெர்மனியில் இதற்குக் ‘கதே செடி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு இலைக்குள் முழுச் செடியும் இருப்பது அவருக்குப் பரவசம். எனக்கு என்னவோ பரவசத்தைவிட லோப்பின் தராசுமேல்தான் அதிக நம்பிக்கை.

அந்தத் தராசை மனிதர்களிடம் கொண்டுவந்தால் எழும் ஆட்சேபம் கடுமையானது. வேலை போனவரும் ஊரைவிட்டு வந்தவரும் துணையை இழந்தவரும் தேறுவது முன்பே சேர்த்துவைத்ததைப் பொறுத்தது என்றால், வெறுங்கையோடு இருந்தவருக்குக் கதியே இல்லையா? ஓரளவுக்குப் பதில் இருக்கிறது. பறித்த இலை பழைய இருப்பை மட்டும் தின்று வாழ்வதில்லை. பச்சையம் இருக்கும்வரை வெளிச்சத்தில் புதிதாகவும் சம்பாதிக்கிறது. இருட்டில் வைத்த இலையில் வளர்ச்சி மிகக் குறைவு. ஆகவே ஒடிந்தவரிடம் அறிவுரை சொல்வதைவிட, அவர் நிற்கும் இடத்துக்கு வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது மேல். இதுவரைக்கும் எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. இதற்கு அப்பால்தான் குழப்பம். குட்டிகள் வேர்பிடித்து மேலே வர வர, இலை சுருங்கிக் காகிதமாகிவிடுகிறது. தேறியது யார்? மரபுக்கூற்றைக் கேட்டால் அதே செடிதான், துளி மாற்றமில்லை. உடலைக் கேட்டால் அந்த இலை எங்கேயும் இல்லை. ஒரு நாள் முதல் பதில் சரியாகப் படுகிறது, மறுநாள் இரண்டாவது. பெரிய இழப்புக்குப் பிறகு எழுந்து நடமாடும் ஒருவரைப் பார்த்து ‘பழையபடி ஆகிவிட்டீர்கள்’ என்று சொல்வது ஆறுதலா, அல்லது இல்லாமல் போன ஒருவரைக் கவனிக்கத் தவறுவதா என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.